இடிக்க இருந்த அரங்குகள், எழுந்து நின்ற வீதி



கர்நாடக சங்கீத ரசிகர்களுக்குக் கிளீவ்லாண்ட் என்றால் தியாகராஜ ஆராதனை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அந்த ஊரில் 1978-இல் தொடங்கிய விழாவுக்காகச் சென்னையிலிருந்து வித்வான்கள் ஆண்டுதோறும் விமானம் ஏறுகிறார்கள். பல ஆண்டுகள் விழாவுக்கு இடம் தந்த கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் யூக்ளிட் அவென்யூ என்ற பெருவீதியில் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அதே வீதியில், பிளேஹவுஸ் ஸ்கொயர் என்னும் அரங்கத் தொகுதி. நியூயார்க்கை விட்டால் அமெரிக்காவின் மிகப் பெரிய நிகழ்த்துகலை மையம் இதுதான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள்.

அந்த 1978 டிசம்பரில் கிளீவ்லாண்ட் மாநகராட்சி வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. கையில் காசில்லாத ஊரில் இவ்வளவு பெரிய கலைப் பகுதி எப்படிப் பிழைத்தது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஸ்டேட், ஒஹாயோ, ஹன்னா, ஆலன், பேலஸ். பிளேஹவுஸ் ஸ்கொயரின் இந்த ஐந்து அரங்குகளும் 1921, 1922 என்ற இரண்டே ஆண்டுகளில் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டவை. யூக்ளிட் அவென்யூவில் அப்போது மனை விலை உச்சத்தில் இருந்தது. அதனால் ஸ்டேட் அரங்கைக் கட்டியவர்கள் வீதியோரத்தில் வாசலுக்கு மட்டும் குறுகலாக இடம் எடுத்துக்கொண்டு, அரங்கைப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். வாசலையும் அரங்கையும் இணைக்க ஒரு நீண்ட லாபி தேவைப்பட்டது. அதன் நீளம் 320 அடி! அதன் சுவர்களில் ஜேம்ஸ் டாகர்ட்டி என்ற ஓவியர் நான்கு கண்டங்களின் கலைகளை நான்கு பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். மனை விலைக்குப் பயந்து கட்டிய இந்த லாபிதான் ஐம்பது ஆண்டுகள் கழித்து எல்லா அரங்குகளையும் காப்பாற்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. 1950-இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த கிளீவ்லாண்டின் மக்கள்தொகை 1970-இல் ஏழரை லட்சமாகச் சுருங்கியது. 1968 மே முதல் 1969 ஜூலை வரையிலான காலத்துக்குள் ஐந்தில் நான்கு அரங்குகள் மூடப்பட்டன. ஹன்னா மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1970 பிப்ரவரியில் ரே ஷெப்பர்ட்சன் என்ற இளைஞர் ஸ்டேட் அரங்குக்குள் நுழைந்தார். அவர் நகரக் கல்வி வாரியத்தின் ஊழியர். ஆசிரியர் கூட்டம் நடத்த இடம் தேடி வந்தவர், பாழடைந்து கிடந்த அந்த மண்டபத்தைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். அதே மாதம் 'லைஃப்' இதழ் அந்த லாபி ஓவியங்களில் ஒன்றைப் பெரிய அளவில் அச்சிட்டிருந்தது. நாடே வியந்து பார்த்த ஓவியம் சொந்த ஊரில் பூட்டிக் கிடந்தது. ஷெப்பர்ட்சன் அரங்குகளை மீட்க ஒரு சங்கம் தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளில் அடுத்த அடி விழுந்தது. ஒஹாயோ, ஸ்டேட் இரண்டையும் இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் அமைக்கத் திட்டம் தயாரானது. அப்போது முன்வந்தது ஜூனியர் லீக் என்ற பெண்கள் தொண்டு அமைப்பு. அவர்கள் தந்தது 25,000 டாலர். அரங்கைச் சீரமைக்க அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. ஆனால் 'இது எங்களுக்கு வேண்டும்' என்று ஊருக்குள்ளிருந்து ஒரு குரல் பணத்தோடு எழுந்தது. இடிப்பு நின்றது.

அடுத்து ஷெப்பர்ட்சன் செய்ததுதான் மிக முக்கியமானது. பழுதுபார்க்கப் பணம் சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பெரிய அரங்கு தயாராக இல்லையா, சரி, லாபி இருக்கிறதே! 1973 ஏப்ரலில் ஸ்டேட் அரங்கின் லாபியில், பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் பாடல்களைக் கொண்ட ஓர் இசை நிகழ்ச்சியை மேடையேற்றினார். சில வாரங்கள் நடந்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், 522 முறை நடந்தது. இரவானால் நகரின் நடுப்பகுதிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, வந்து அமர்ந்த கூட்டமே பதில் சொன்னது.

கூட்டத்தைப் பார்த்த பிறகு அரசாங்கமும் அசைந்தது. 1977-இல் குயஹோகா கவுன்டி நிர்வாகம், ஸ்டேட், ஒஹாயோ இரண்டும் அடங்கிய கட்டடத்தை விலைக்கு வாங்கியது. அரங்குகளை நடத்தும் பொறுப்பை பிளேஹவுஸ் ஸ்கொயர் அறக்கட்டளை ஏற்றது. 1982-இல் ஒஹாயோ திறந்தபோது, ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்திவந்த ஒரு குழு அங்கே குடியேறியது. 1984-இல் ஸ்டேட், 1988-இல் பேலஸ், 1998-இல் ஆலன் என்று கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹன்னாவும் புதுப்பிக்கப்பட்டு 2008-இல் மறுவாழ்வு பெற்றது. 2011-இல் ஆலன் அரங்கைக் கிளீவ்லாண்ட் பிளே ஹவுஸ் நாடகக் குழுவும் கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையும் பங்கிட்டுக்கொண்டன. மாணவர்களும் தொழில்முறை நடிகர்களும் இப்போது ஒரே கூரையின் கீழ்.

அரங்கைத் திறந்துவிடலாம். அடுத்த ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவது? கலை மையங்கள் பலவும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிளேஹவுஸ் ஸ்கொயர் இதற்கு ஒரு வழி கண்டது. சுற்றியிருந்த அலுவலகக் கட்டடங்களை வாங்கியது, பராமரித்தது, வாடகைக்கு விட்டது. அந்த வருமானம் அரங்குகளைத் தாங்குகிறது. நன்கொடை குறைந்துபோகும் ஆண்டிலும் வாடகை வருகிறது. அத்தோடு, தெருவில் எந்தக் கட்டடம் இருளடைய வேண்டும், எதில் விளக்கு எரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் கலையை நடத்துபவர்கள் கைக்கு வந்தது. 2014-இல் அவர்கள் யூக்ளிட் அவென்யூவுக்கு மேலே, திறந்த வானத்தில், 20 அடி உயரச் சரவிளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதில் 4,200 படிகங்கள். நுழைவுச்சீட்டு வாங்காதவர்களும் அதன் வெளிச்சத்தில் நடந்து போகலாம்.

2020-இல் இன்னொரு பெரிய அடி எடுத்துவைத்தார்கள். தங்களுக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடத்தில் 34 மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பினார்கள். பெயர் லூமென். 318 வீடுகள். நாடகம் முடிந்ததும் காரேறிப் புறநகருக்குத் திரும்பும் ரசிகர்கள் மட்டும் இருந்தால் ஒரு வீதி இரவு பத்து மணிக்கு மேல் உயிரோடு இருக்காது. காலையில் காபிக் கடைக்கும் மாலையில் மளிகைக் கடைக்கும் போகும் ஆட்கள் அங்கேயே வாழ வேண்டும் என்பதை அறக்கட்டளை சரியாகவே புரிந்துகொண்டது.

இத்தனைக்கும் நடுவே மாறாமல் இருப்பவர்கள் சிவப்புக் கோட்டுக்காரர்கள். 'ரெட்கோட்' என்று ஊரார் அழைக்கும் இந்தத் தொண்டர்கள் ஆயிரம் பேருக்கும் மேல். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் கிடையாது. வாசலில் நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்பதும், வந்தவர்களை இருக்கைக்கு அழைத்துப் போவதும், வயதானவர்களுக்குக் கைகொடுப்பதும் இவர்களே. பிளேஹவுஸ் ஸ்கொயர் யாருடையது என்று கேட்டால், கவுன்டி நிர்வாகம், அறக்கட்டளை, பல்கலைக்கழகம் என்று பல பெயர்களைச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் இவர்களுடைய பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.