கைராசியும் கைப்பழக்கமும்

தேர்ந்த அறுவை மருத்துவரைக் ‘கைராசிக்காரர்’ என்று போற்றுவது நம்மவர் வழக்கம். அந்த ராசி எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சுசுருத சங்கிதையின் சூத்திரஸ்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயம் இதனையே பேசுகிறது. அறுத்தலை மாணாக்கன் சுரைக்காயிலும் வெள்ளரிக்காயிலும் பழக வேண்டும். நாளத்தைத் துளைத்தலைத் தாமரைத் தண்டிலும், தைத்தலைத் தடித்த துணியிலும் மெல்லிய தோலிலும், கட்டுக் கட்டுதலைப் பதுமையின் அங்கங்களிலும் பழக வேண்டும். பயிற்சிக்கு அந்நூல் வழங்கும் பெயர் ‘யோக்யா’. எத்துணை நூல் கற்றவனாயினும் பயிற்சி பெறாதவன் செயலுக்கு ‘அயோக்கியன்’ என்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்தி நகைத்ததுண்டு. தமிழில் அது வசையல்லவா! ஆயினும், கற்றுக்குட்டியின் கத்தி நோயாளியின் உடலில் விழும்போது வசையும் பொருத்தமே.

சுரைக்காயின் இடத்தில் இன்று கணிப்பொறி நிற்கிறது. 2002-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 16 பயிற்சி மருத்துவரை இரு கூறாக்கிச் சோதித்தனர். கணிப்பொறி காட்டும் பொய்யுடலில் முன்னரே பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை 29 விழுக்காடு விரைவாக முடித்தனர். பழகாதவர்களோ, பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற தசையைச் சுடவோ ஐந்து மடங்கு அதிகமாக நேர்ந்தது.

பிறவிக் கைத்திறன் தொடக்கத்தில் உதவும். அருகிருந்து பிழையைச் சுட்டும் ஆசிரியர் வாய்த்தால் மற்றவர்களும் எட்டிப் பிடிக்கலாம். ஆசானின்றித் தனியே நூறுமுறை செய்பவன் பிழையையே பழக்கிக்கொள்வான். பால்டிமோரில் 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் வகுத்த முறை, பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றியது. மாணாக்கர் மருத்துவமனையிலேயே குடியிருந்தனர். உறக்கத்தைப் பற்றி எவரும் கேட்டிலர். அமெரிக்காவில் வாரத்திற்கு 80 மணி என்ற வரம்பு 2003-இல்தான் வந்தது. களைத்த கைக்கு ராசி ஏது?

மற்றொன்று, ‘எனக்கு இது விளங்கவில்லை, வாருங்கள்’ என்று நள்ளிரவிலும் மூத்தவரை அழைக்கும் துணிவு. அழைத்தவனைக் கடிந்துகொள்ளும் துறையில் இத்துணிவு வளராது. அதன் விலையை நோயாளியே கொடுப்பார்.

டில்லியிலும் சண்டிகரிலும் அறுவைப் பயிற்சிக்கு வந்துள்ள நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேரும். வயிற்றைத் திறக்குமுன் நோயாளியின் வாயைத் திறக்கச் செய்யவேண்டும். மூதாட்டி ஒருத்தி ‘ஜலன்’ என்றால் எரிச்சல். ‘சூஜன்’ என்றால் வீக்கம். இவ்விரண்டையும் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளட்டும்; எஞ்சிய இந்தியை மெல்லக் கற்கலாம்.