கை போனால் சம்பளமும் போகணுமா?

(தொழிலாளர் சந்திப்பில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கப்பா பவர் பிரஸ் ஓட்டினவர். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது மெஷின்ல அவருக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. "வீட்ல அடிபட்டதுன்னு சொல்லிடுங்க, செலவை கம்பெனி பார்த்துக்கும்"னு சூப்பர்வைசர் சொன்னார். அப்பாவும் அப்படியே சொன்னார். தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினாங்க. ஆனா நாலு மாசம் சம்பளம் இல்லை. அம்மாவோட தோடு அடகுக் கடைக்குப் போச்சு.

அந்த ஒரு பொய்யால என்ன இழந்தோம்னு இன்ஜினியரிங் முடிச்ச பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்கு. நின்னுபோன சம்பளத்துக்கு ஈடு தருவது இயலாமைக் காப்பீடு. இ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளிக்கு அது ஏற்கெனவே இருக்கு. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவங்க அதில் வருவாங்க. நம்ம சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறாங்க, முதலாளி 3.25 சதவீதம் கட்டுறார். அது மாத்திரை வாங்க மட்டும் கட்டுற பணம் இல்லை.

கணக்கைப் பாருங்க. தினக்கூலி 600 ரூபாய்னு வைங்க. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தா, குணமாகும் வரை 90 சதவீதம், அதாவது நாளைக்கு 540 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தர இழப்புன்னா மெடிக்கல் போர்டு சதவீதம் போடும். 20 சதவீதம்னு போட்டா, அந்த 540-ல் 20 சதவீதம், நாளைக்கு 108 ரூபாய், ஆயுள் முழுக்க. திரும்ப வேலைக்குப் போனாலும் நிற்காது.

அதே காயம் "வீட்ல பட்டது"ன்னு எழுதிட்டா, தகுதி இருந்தா நோய்க்கால உதவி மட்டும்தான்: 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். போன விரலுக்கு ஒரு பைசா கிடையாது.

அதனால மூணு விஷயம்:

1. அடிபட்ட அன்னைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. போட்டோ எடுத்து வைங்க.
2. பக்கத்தில் இருந்தவங்க பேரைக் குறிச்சுக்கோங்க.
3. டாக்டர்கிட்ட நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க.

இ.எஸ்.ஐ. இல்லாதவங்க, 18 முதல் 70 வயசுக்குள் இருந்தா, பேங்க்கில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேருங்க. வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் ஒரு கையோ காலோ முழுசாப் போனா 1 லட்சம், ரெண்டும் போனா 2 லட்சம். ஆனா அது ஒரே தடவை வர்ற தொகை, மாசாமாசம் வராது.

சூப்பர்வைசர் நல்லவராவே இருக்கலாம். ஆனா அவர் சொன்னதுக்காகப் பொய் சொல்லாதீங்க. எங்கப்பா சொன்ன பொய்க்கு எங்க வீடு இன்னும் விலை கொடுக்குது.



(உங்க கூட வேலை பார்க்கிறவங்களுக்கும் பகிருங்கள்.)