இருபது பிளாக் ஒரு மைல்

(பெங்களூர் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் இங்கே பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். இன்னும் சிலர் விசாவுக்குக் காத்திருக்கிறீர்கள். காரியதரிசி "ஏதாவது பிரயோஜனமாப் பேசுங்கோ" என்றார். அங்கே நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்ட கதையையே சொல்லிவிடுகிறேன்.

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் 36 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிலோமீட்டர் கல்லையும் கடிகாரத்தையும் பார்த்தே வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடுவேன். தூரம் என்று வந்தால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரு எண்ணம். என் ஆத்துக்காரிக்கு இந்த எண்ணத்தின் மேல் அவ்வளவாக மரியாதை கிடையாது.

2007 மே மாதம் நியூயார்க்கில் மான்ஹாட்டன் தீவில் பெண் வீட்டில் போய் இறங்கினோம். மறுநாள் காலை பெண், "அம்மா, காய்கறிக் கடை ஆறு பிளாக்தான், நடந்தே போயிடலாம்" என்றாள். இவள் பயந்துவிட்டாள். நாங்கள் ஜெயநகர்வாசிகள். எங்களுக்கு நாலாவது பிளாக் என்றால் ஒரு பேட்டை முழுவதும்! "ஆறு பிளாக்கா? ஆட்டோ கிடைக்குமோ?" என்று கேட்டாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டு விளக்கினார். அங்கே பிளாக் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை. இருபது பிளாக் நடந்தால் ஒரு மைல்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சரிபார்க்காமல் விடுவேனா? இரண்டு தெருக்களுக்கு நடுவே வீடுகள் நிற்கும் இடம் ஏறக்குறைய 200 அடி. தெருவின் அகலம் 60 அடி. 14, 23, 34, 42 போன்ற சில பெரிய தெருக்கள் மட்டும் 100 அடி. சராசரியாக 264 அடி என்று வைத்து 5280 அடியை வகுத்தால் சரியாக இருபது வருகிறது. மணிக்கு மூன்று மைல் நடப்பவருக்கு ஒரு பிளாக் ஒரு நிமிஷம். 34ஆம் தெருவிலிருந்து 54ஆம் தெரு ஒரு மைல். சென்ட்ரல் பார்க் 59இலிருந்து 110 வரை, 51 பிளாக், அதாவது இரண்டரை மைல். முனைக்கு முனை மைல்கல் நட்டு வைத்த ஊர்! ரயில்வேக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வாரம் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் "அது பதினோரு நிமிஷம்", "இது பதினெட்டு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நானும் இவளும் மட்டும் படகில் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். படகுத்துறை 42ஆம் தெருவின் மேற்குக் கோடியில், 12ஆவது அவென்யூவில் இருக்கிறது. அதே 42ஆம் தெருவில் ஐந்தாவது அவென்யூவில் பெரிய நூலகம். பெண் ஆபீஸிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே வருவதாக ஏற்பாடு. இவளுக்குச் சர்க்கரை வியாதி, காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறாள். படகு திரும்பும்போதே மணி ஒன்று ஆகிவிட்டது.

துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே பஸ் நிற்கிறது. எம் 42 என்று பெயர், அந்தத் தெருவோடேயே போகிற பஸ். "ஏன்னா, பஸ் நிக்கறதே, ஏறிடலாமே" என்றாள். நான் மனசுக்குள் 12இலிருந்து 5ஐக் கழித்தேன். "ஏழே பிளாக். ஏழு நிமிஷம். இதுக்குப் போய் பஸ்ஸா?" என்றேன்.

மூன்று பிளாக் தாண்டி ஒன்பதாவது அவென்யூ வருவதற்கே பதினைந்து நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர என் கணக்கைச் சந்தேகப்படவில்லை. எட்டாவது அவென்யூவுக்கு முன்னால் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டதற்குப் பதில் குழறுகிறது. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அவள் கைப்பையைத் துழாவினேன். விமானத்தில் காபியோடு கொடுத்த சர்க்கரைப் பொட்டலங்கள் நாலு இருந்தன. அவள் அவற்றை எடுத்து வைத்தபோது "இதெல்லாம் எதுக்கு பொறுக்கறே?" என்று கேலி செய்தவன் நான்தான். நாலையும் பிரித்து வாயில் போட்டேன். பக்கத்துக் கடையில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்திருந்தோம். தெளிவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏழு பிளாக் முடிஞ்சுடுத்தா?"

மிச்சத்துக்குப் பஸ்ஸில் போனோம். பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

தப்பு எங்கே என்று அன்று ராத்திரி வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். இருபது பிளாக் ஒரு மைல் என்பது வடக்கு தெற்காக, தெருக்களை எண்ணி நடக்கும்போது மட்டும். குறுக்கே அவென்யூக்களை எண்ணினால் கணக்கே வேறு. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே 920 அடி. அதற்கு மேற்கே ஒவ்வொன்றும் சுமார் 800 அடி. என் ஏழு பிளாக் ஒரு மைலுக்கும் மேல்!

இது தற்செயல் இல்லை. 1811இல் மூன்று கமிஷனர்கள் போட்ட திட்டம் அது. 12 அவென்யூ, 155 தெரு. ஜான் ராண்டெல் என்ற சர்வேயர் வருஷக்கணக்கில் தீவு முழுக்க அளந்தார். இரண்டு பக்கமும் ஆறு, கப்பல்துறைகள். ஆற்றுக்கு ஆறு போக்குவரத்துதான் அதிகம் இருக்கும் என்று நினைத்துக் குறுக்குத் தெருக்களை நெருக்கமாகவும், அவென்யூக்களைத் தள்ளித் தள்ளியும் போட்டுவிட்டார்கள். பிற்பாடு கிழக்குப் பக்கம் லெக்சிங்டன், மாடிசன் என்று இரண்டு அவென்யூக்களை இடையில் செருகினார்கள். அங்கே மட்டும் குறுக்குப் பிளாக் பாதியாகிவிடும். நம்மூர் ஓட்டல்கள் இருக்கும் லெக்சிங்டன் 27, 28ஆம் தெருப் பக்கம் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஹவுஸ்டன் தெருவுக்குத் தெற்கே பழைய ஊர். அங்கே எண்ணிக்கையே செல்லாது, நம் சிக்பேட்டை மாதிரிதான்.

மற்ற ஊருக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சிகாகோவில் பெரும்பாலும் எட்டு பிளாக் ஒரு மைல். வாசல் இலக்கமும் மைலுக்கு 800 ஏறும். குவீன்ஸில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் விலாசம் 45-57, பவுன் தெரு. அந்த 45, கோவிலருகே குறுக்கே வரும் 45ஆவது அவென்யூவைச் சொல்கிறது. கோவில் கான்டீனில் தோசை நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். நம் நாட்டில் சண்டிகர் உறுப்பினர்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவர்கள் செக்டார் 800க்கு 1200 மீட்டர். அங்கேயும் நீளப் பக்கமா அகலப் பக்கமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கைபேசியே தூரத்தைச் சொல்லிவிடுகிறது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கைபேசி சொல்லும் நிமிஷம் நம் முழங்காலுக்கான நிமிஷம் இல்லை. நான் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். சிக்னலில் நிற்பது தனி.

2016இல் மறுபடி போனபோது மாப்பிள்ளை, "மருந்துக்கடை மூணே பிளாக்தான், நானே அழைச்சுண்டு போறேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இவள்தான் கேட்டாள்: "தெருவா, அவென்யூவா?"

அவென்யூ என்றார். பஸ்ஸில் போனோம்.