டயரின் காற்றும் பந்தயத்தின் நீதியும்

பந்தயத்தில் முந்தி வந்தவருக்கே பரிசு என்பது உலகறிந்த வழக்கு. ஆனால் மோட்டோ ஜிபி எனப்படும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்திலோ, ஓட்டம் முடிந்த பின்னர் டயரின் காற்றழுத்தப் பதிவைப் பார்த்து, முந்தி வந்தவரைப் பின்னுக்குத் தள்ளும் விதி ஒன்று 2023-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இது நியாயந்தானா என்ற விவாதம் அன்றே எழுந்தது.

இவ்விஷயம் தில்லி வாசிகளான நமக்கு அந்நியமானதன்று. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேசப் பந்தயத் திடலில், 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி, இந்தியாவின் முதல் மோட்டோ ஜிபி பந்தயம் நடைபெற்றது. இத்தாலியரான மார்கோ பெஸ்ஸெக்கி வென்றார். வெப்பம் மிகுந்திருந்தமையால் 24 சுற்றுகள் 21 ஆகக் குறைக்கப்பட்டன. காற்றழுத்த விதி, அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் அமலுக்கு வந்திருந்தது.

விதியின் காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம். டயரில் காற்று குறைந்தால் அது தரையில் அகலமாகப் பதியும், பிடிமானம் கூடும், வளைவுகளில் வேகமும் கூடும். ஆகவே காற்றைக் குறைக்கும் ஆசை பந்தயக் குழுவினருக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் டயரின் உடல் மடங்கி மடங்கிச் சூடேறும், உள்ளே சேதமடையும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் டயர் பழுதானால் போவது பரிசன்று, உயிர். 2016 முதல் இப்பந்தயத்துக்கு டயர் வழங்கும் பொறுப்பேற்ற மிஷலின் நிறுவனம் குறைந்தபட்ச அழுத்தத்தை வற்புறுத்தியது இதனாலேயே.

2023-இல் முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.88 பார் என்று விதித்தனர். பெட்ரோல் பங்கில் நாம் கேட்டு அடித்துக்கொள்ளும் பவுண்டுக் கணக்கில் இது 27-க்குச் சற்று மேல். பந்தயச் சுற்றுகளில் பாதியளவேனும் இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் முறை தவறினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை 3 வினாடி. மூன்றாம் முறை 6. அதன் பின் 12 வினாடி. மறு ஆண்டில் தகுதி நீக்கமே தண்டனை என்று முதலில் கருதினர். பின்னர் அழுத்த எல்லையை 1.80 பாராகத் தளர்த்தி, நூற்றுக்கு அறுபது சுற்றுகளில் அது பேணப்பட வேண்டும் என்றும், தவறினால் 16 வினாடி சேர்க்கப்படும் என்றும் வகுத்தனர். குறும்பந்தயத்தில் அது 8 வினாடி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடைபட்ட காற்று சூடேறினால் அழுத்தம் கூடும்; குளிர்ந்தால் குறையும். இந்த டயர்களில் 10 டிகிரி வெப்ப மாறுதலே ஏறக்குறைய 0.1 பார் மாறுதலைத் தரவல்லது. பிறர் பின்னால் நெருங்கி ஓடுபவரின் முன் டயருக்கு முன்வண்டியின் அனல் அடிக்கும், அழுத்தம் ஏறும். தனியே முன்னணியில் ஓடுபவருக்கோ எதிர்க்காற்று டயரைக் குளிர்விக்கும், அழுத்தம் இறங்கும். எனவே ஓட்டம் தொடங்கு முன்னரே, தம் வீரர் கூட்டத்தில் ஓடுவாரா, தனித்து ஓடுவாரா என்று ஊகித்துக் காற்றடைக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுபவரே விதியில் சிக்கும் விந்தை இதனால் நேர்கிறது.

2025 ஏப்ரலில் கத்தார் பந்தயத்தில், மாவ்ரிக் வின்யாலெஸ் இடையில் சில சுற்றுகள் முன்னணியில் ஓடி, இரண்டாவதாக வந்தார். 16 வினாடி சேர்க்கப்பட்டதும் பதினான்காம் இடத்துக்கு இறங்கினார். அதே ஆண்டு மார்ச்சில் தாய்லாந்தில், முன்னே ஓடிய மார்க் மார்க்கெஸ், தம் டயரின் அழுத்தம் குறைந்ததைக் கண்டு, தம்பி அலெக்ஸுக்கு வேண்டுமென்றே வழிவிட்டார். தம்பியின் பின்னே ஓடி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, முடிவு நெருங்குகையில் முந்தி வென்றார். யுக்தி பாராட்டத்தக்கதே. ஆயினும் முந்துவதற்கான பந்தயத்தில் பிந்துவதே நலம் என்ற நிலையை ஒரு விதி உண்டாக்கலாமா?

எண்ணம் பாராமல் செயலை மட்டும் பார்த்துத் தண்டிப்பது அநீதி என்பர் சிலர். இதை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நினைவு கூர்வோம். பின்னர் 2006-ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. கலப்படம் எனக்குத் தெரியாது என்று வணிகர் தப்ப அச்சட்டம் இடந்தரவில்லை. உண்பவர் உடலுக்கு வணிகரின் எண்ணம் தெரியாதல்லவா? அவ்வாறே டயருக்கும் ஓட்டுபவரின் எண்ணம் தெரியாது. ஆனால் அதே சட்டம், எழுத்து மூலமான உத்தரவாதம் பெற்று, சரக்கை உள்ளபடியே காத்து விற்ற வணிகருக்குப் புகலிடமும் தந்தது. கண்டிப்பும் கருணையும் ஒரே ஏட்டில் இடம்பெற முடியும் என்பதற்கு அது சான்று.

அவ்வழியே நோக்கினால், குறைந்தபட்ச அழுத்தம் என்ற எல்லை இருந்தே தீர வேண்டும். அதை மீறினால் தண்டனையும் வேண்டும். தண்டனையே இல்லாவிடில், துணிந்து காற்றைக் குறைப்பவர் நேர்மையாளரை முந்திவிடுவார். எனினும் மயிரிழை குறைந்தவருக்கும், ஓட்டம் முழுதும் வெகுவாகக் குறைந்திருந்தவருக்கும் ஒரே 16 வினாடி என்பது பொருந்தாது. 2023-இன் படிநிலை முறையிலும் குறையுண்டு. முதல் எச்சரிக்கையைச் செலவில்லாச் சலுகையாக எண்ணி, முக்கியமான பந்தயத்துக்கென ஒருவர் சேமித்து வைக்கலாம். ஆதலின் தவறின் எண்ணிக்கைக்கேற்ப அன்றி, குறைவின் அளவுக்கும் அது நீடித்த சுற்றுகளுக்கும் ஏற்பத் தண்டனை அமைவதே முறை. அளவுக்கருவி நுட்பமாகக் கணக்கிட்டுத் தருகிறது. அந்த நுட்பத்தில் ஒரு பங்கு தீர்ப்பிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.