பட்டத்துக்குப் பின்னும் காத்திருப்பா?

(நாமக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



"டாக்டர் பட்டம் வாங்கியும் எங்கள் பையன் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறானே, உத்தியோகம் எப்போது?" என்று இப்பக்கத்துப் பெற்றோர்கள் பலர் கேட்கிறார்கள். சிலர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சோதிடன், சனி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறான்.

தோழர்களே! அந்தப் பையன் செய்வது படிப்பல்ல, வேலை. பட்டம் பெற்றபின் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று வருஷத் தவணைக்கு அமர்ந்து ஆராய்ச்சி செய்கிறான். இதைத்தான் போஸ்ட் டாக் என்கிறார்கள். இதில் லாபம் என்னவென்றால், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை முதன்முதலாக அறிவது. "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பது அங்கே செல்லாது. சோதனை பொய்த்தால் கொள்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

உதாரணமாக, 1952ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பாருங்கள். 1976ல் அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு உயிரியலைப் புதிதாகக் கற்று, 1978 முதல் 1982 வரை யேல் சர்வகலாசாலையில் இந்தத் தற்காலிக வேலைதான் பார்த்தார். சுமார் 50 சர்வகலாசாலைகளுக்கு மனுப் போட்டும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. வேறு ஆய்வுக்கூடங்களில் உழைத்தார். 2009ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். அந்த 50 இடத்திலும் கதவைச் சாத்தியது சனியா? அவரே 2016ல் சோதிடம் போலி என்று பகிரங்கமாகச் சொன்னாரே!

அவர் ஆராய்ந்தது ரைபோசோம். உயிரணுவுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் அது. இங்குள்ள கோழிப்பண்ணைக்காரர்களுக்கு டெட்ராசைக்ளின் தெரியும். அம்மருந்து கிருமியின் ரைபோசோமில் எங்கே ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது என்பதை 2000ல் அவருடைய கூட்டத்தார் கண்டு காட்டினார்கள்.

ஆனால் ஒருவர் ஜெயித்ததைக் காட்டி, எல்லோரும் பொறுத்திருங்கள் என்று சொல்வது புராணம் சொல்வதற்குச் சமானம். ஜெயிக்காதவர்கள் கணக்கை யார் எழுதுகிறார்கள்? பட்டதாரிகள் அதிகம், நிரந்தர இடங்கள் கொஞ்சம். காலியான இடங்களையும் நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். காரணம் இதுதான், கிரகமல்ல. 2023 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் தவணை முடிந்தால் நின்றுபோகும்; பணம் பல மாதம் தாமதமாகிறது என்ற முறையீடும் உண்டு.

இந்த நிலையில் யாரால் காத்திருக்க முடியும்? நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளையால் முடியும். தறிக்காரர் மகளாலும், கிழங்கு மில் கூலியின் மகனாலும் முடியுமா? வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது அவர்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். அன்று படிக்காதே என்று தடுத்தார்கள். இன்று படி, ஆனால் பட்டினியாய்க் காத்திரு என்றால் பலன் ஒன்றுதானே?

ஆகவே தோழர்களே! பெற்றோர்கள் சோதிடனுக்குக் கொடுக்கும் காசைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "எப்போது உத்தியோகம்?" என்று கேட்பதோடு, "என்ன கண்டுபிடித்தாய்?" என்றும் கேளுங்கள். உத்தியோகக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் சர்க்கார். காலி இடங்களை நிரப்பு, மாதாமாதம் சம்பளம் கொடு என்று அங்கே எல்லோரும் சேர்ந்து கேட்போம்.