கோல் ஒன்று, கோலம் பல



இலக்கிய நிகழ்ச்சியில் பௌதிகமும் உயிரியலும் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் நான் வந்திருக்கிறேன். கோல் என்பது அந்தச் சொல். தமிழில் அது எத்தனை கைகளுக்கு மாறியிருக்கிறது என்று பாருங்கள். நிறுப்பவன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். முதியவர் கையில் ஊன்றுகோல். கள்வன் கையிலோ கன்னக்கோல். அரசன் கையில் செங்கோல். அவன் நெறி தவறினால் அதுவே கொடுங்கோல். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார்.

விஞ்ஞானிகளும் இதே சொல்லைத்தான் தேடிப் பிடித்தார்கள். சிறுகோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பற்றீரியா என்ற பெயர் வந்தது. அதே பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பசிலசு வந்தது. 1882 மார்ச் 24இல் பேர்லினில் றொபேட் கொக், கசரோகத்தின் காரணி இதுவே என்று ஒரு கிருமியைக் காட்டினார். மனித குலத்தை அவ்வளவு காலம் அரித்துவந்த அதுவும் ஒரு மெல்லிய கோல்தான்.

நமது கண்ணிலும் கோல்கள் உள்ளன. விழித்திரையில் ஏறக்குறைய 12 கோடிக் கோற்கலங்களும் 60 இலட்சம் கூம்புக்கலங்களும் இருக்கின்றன. நிறம் பிரித்தறிவது கூம்புகளின் வேலை. இரவு கோல்களுக்குரியது. ஒளியின் மிகச் சிறிய கூறான ஒரேயொரு போட்டன் பட்டாலும் ஒரு கோற்கலம் அதை உணரும். விற்றமின் ஏ குறைந்தால் முதலில் தளர்வது இந்தக் கோல்கள்தான். மாலைக்கண் என்று நம்மவர் சொல்வது அதைத்தான். இன்னொன்று: விழித்திரையின் நட்டநடுவில் கோல்களே இல்லை. ஆகவே மங்கலான விண்மீனை நேரே நோக்கினால் அது மறைந்துவிடும். சற்றே பக்கமாகப் பார்வையைத் திருப்பினால் தெரியும். இன்றிரவு முற்றத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த கோல் வேறு. புகையிலைத் தோட்டத்தில் பிறந்த கோல் அது. புகையிலையைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பயிரின் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறும் நோய் ஒன்றுண்டு. சித்திரவடிவ நோய் என்பர். பற்றீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் அந்த நோயின் சாறு கடந்துசென்றது. 1892இல் ரசியாவில் இவனோவ்ஸ்கியும், 1898இல் ஒல்லாந்தில் பெயரிங்கும் இதைக் கண்டார்கள். வைரசு என்ற எண்ணம் உருவானது இங்கேதான்.

1935இல் அமெரிக்காவில் வெண்டெல் ஸ்ரான்லி இந்த வைரசைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். உப்பைப்போல் போத்தலில் அடைத்து வைக்கக்கூடிய ஒன்று, இலையில் தேய்த்ததும் உயிர்கொண்டு பெருகியது! உயிருள்ளதா, சடமா என்ற சண்டை அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் அது சொல்லைப் பற்றிய சண்டையே தவிரப் பொருளைப் பற்றியது அல்ல. 1939இல் ஜேர்மனியில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் இந்த வைரசு கண்ணுக்குத் தெரிந்தது. 300 நனோமீற்றர் நீளம், 18 நனோமீற்றர் தடிப்பு. அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவான கோல்கள்.

இதற்கு இடையில், 1936இல், இங்கிலாந்தில் போடன், பிரி என்ற இருவர் பேர்னால் முதலியோருடன் சேர்ந்து ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். இந்த வைரசின் செறிந்த கரைசல் தானாகவே இரு படைகளாகப் பிரிந்தது. மேற்படையில் கோல்கள் எத்திசையும் நோக்கிக் கிடந்தன. கீழ்ப்படையிலோ எல்லாம் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நின்றன. முனைவாக்கிய ஒளியில் அந்தக் கீழ்ப்படை மட்டும் ஒளிர்ந்தது. கோல்களை அணிவகுக்கச் சொன்னவர் யார்?

பதில் 1949இல் வந்தது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லார்ஸ் ஒன்சாகர் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். கோல்கள் ஒன்றையொன்று இழுக்கவேண்டியதில்லை. ஒன்றன் உடலுக்குள் மற்றொன்று புகமுடியாது என்ற ஒரு நிபந்தனையே போதும் என்றார் அவர். குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கும் இரு கோல்கள் ஒன்றுக்கொன்று அடைக்கும் இடம் மிகப் பெரிது. இணையாகக் கிடந்தாலோ அந்த இடம் மிகவும் குறைந்துவிடும். நெரிசல் ஓரளவைத் தாண்டியதும், விரும்பிய பக்கம் திரும்பும் சுதந்திரத்தைக் கோல்கள் இழக்கின்றன. அதற்கு ஈடாக முன்னும் பின்னும் பக்கமும் நகரும் சுதந்திரத்தைப் பெறுகின்றன. வரவு செலவிலும் மிஞ்சுகிறது. எந்திரப்பியை ஒழுங்கின்மையின் அளவு என்று பள்ளியில் படித்தோம். இங்கே அது கூடுவதனால்தான் ஒழுங்கு பிறக்கிறது. நெருப்புப்பெட்டியை அரைகுறையாகத் திறந்து குச்சிகளை வாரிப்போட்டுக் குலுக்கிப் பாருங்கள். அவை படிந்துகொள்வது ஏறத்தாழ இப்படித்தான்.

இதைக் கேட்டதும் செங்கோல் நினைவுக்கு வராமலிராது. ஒழுங்கு என்றால் மேலிருந்து ஒருவன் கோல் ஓச்சினால்தான் வரும் என்று காலங்காலமாக நம்பிவந்திருக்கிறோம். இந்தக் கோல்களோ ஓச்சுவாரின்றியே ஒழுங்குக்கு வருகின்றன. எந்தத் திசையில் நிற்பது என்பதும் எவராலும் விதிக்கப்படவில்லை. ஆயினும் இதை அரசியலுக்கு உவமையாக்க முனைபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தத் திசையில் நிறுத்தினாலும் கோலுக்கு வலிப்பதில்லை. திசை மாற்றப்பட்ட மனிதருக்கு வலிக்கும்.

இனி ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். றொசலின்ட் பிராங்கிளின் என்றதும் டி.என்.ஏ.யும், அவர் ஆய்வறையில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படமும், அவருக்குரிய பெருமை பிறரிடம் போனதும் பேசப்படும். அவருடைய கடைசி ஐந்து ஆண்டுகள் இந்தப் புகையிலைக் கோலுக்கே உரியன என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. 1953இல் லண்டன் பேர்க்பெக் கல்லூரிக்கு வந்த அவர், கூலத்தட்டுக் களஞ்சியம்போல் இருந்த பழைய வீடொன்றில் எக்ஸ்-கதிர்க் கருவிகளோடு அமர்ந்தார். கோலின் உட்கட்டமைப்பு மெல்ல மெல்லத் துலங்கியது. ஏறத்தாழ 2130 புரதத் துண்டுகள் சுழற்படிக்கட்டுப்போல் ஏறுகின்றன. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை அந்தப் புரதங்களுக்கிடையே ஆழப் புதைந்து சுற்றிச் செல்கிறது. நடுவிலே 4 நனோமீற்றர் அகலத்தில் ஒரு துளை. ஆக, இந்தக் கோல் ஒரு குழல்.

குழல் என்றதும் கலிலியோ நினைவுக்கு வருகிறார். வீட்டுக் காவலில் இருந்தபடியே அவர் எழுதி 1638இல் லெய்டனில் வெளிவந்த நூலில், பறவையின் எலும்பும் நாணற்றண்டும் ஏன் உள்ளே வெறுமையாக இருக்கின்றன என்று ஆராய்ந்தார். ஒரே எடையுள்ள திண்மக் கோலைவிடக் குழல் வளைவை நன்கு தாங்கும். ஆனால் வைரசின் துளைக்கு வேறொரு பணி இருந்தது.

1956இல் பிராங்கிளினுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சைகளுக்கு இடையிலும் அவர் வேலையை விடவில்லை. 1958இல் பிறசெல்ஸ் உலகக் கண்காட்சிக்காக அந்தக் கோலின் பெரிய மாதிரியுரு ஒன்று கேட்கப்பட்டது. மேசைப்பந்துகளும் சைக்கிள் கைபிடி உறைகளும் அதற்குப் பயன்பட்டன. கண்காட்சி ஏப்ரில் 17இல் திறந்துவைக்கப்பட்டது. முதல் நாள், ஏப்ரில் 16இல், பிராங்கிளின் காலமானார். வயது 37.

அவரோடு உழைத்த ஆரன் குளுக் ஆய்வைத் தொடர்ந்தார். 1982இல் நோபெல் பரிசு பெற்றார். கோல் எவ்வாறு தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்பது 1970களில் தெளிந்தது. ஆர்.என்.ஏ. இழையின் ஒரு மடிப்பு முதலில் புரதத் தட்டின் நடுத்துளைக்குள் நுழைகிறது. அதன்மேல் தட்டுகள் ஒவ்வொன்றாக ஏற ஏற, மீதி இழை அந்தத் துளை வழியாகவே ஊசிக்காதில் நூல்போல் கீழிருந்து மேலே இழுபட்டுச் செல்கிறது.