இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்?



நம் ஊர் அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள். உயிருக்குப் போராடுகிறவர் சிவப்புக்கு, கொஞ்ச நேரம் தாங்குவார் என்றால் மஞ்சளுக்கு, விரலில் வெட்டுக்காயம் என்றால் பச்சைக்கு. முதலில் வந்தவருக்கே முதல் சிகிச்சை என்றிருந்ததை மாற்றி, ஆபத்து அதிகமானவருக்கே முதல் சிகிச்சை என்று ஆக்கிய ஏற்பாடு இது. மனமாரப் பாராட்டுகிறேன். 2008இல் 108 வண்டி வந்தது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்தது. சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது. இவையெல்லாம் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காரியங்கள்.

என் கேள்வி வேறு. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

என் பெரியப்பாவுக்குத் திடீரென்று வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. கொண்டு போனோம். டூட்டி டாக்டர் ஒருவர்தான். பைக் விபத்தில் வந்த பையனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போட வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். மூச்சுத் திணறலோடு ஓர் அம்மாவை அப்போதுதான் இறக்குகிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை. நானும் என் தம்பியும்தான் தள்ளினோம். ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது. மெஷின் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது, டெக்னீஷியன்தான் வீட்டிலிருந்து வர வேண்டும்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்து உறுதி செய்யாமல் அந்த ஊசியைத் தொடவே கூடாது. அந்த டெக்னீஷியன் வந்து சேர ஆகும் நேரமெல்லாம் நோயாளியின் கணக்கில் கழிகிறது. கடைசியில் என்ன சொல்வார்கள்? “மதுரைக்குக் கொண்டு போயிடுங்க.”

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அன்று இரவு அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமென்றால், மூன்று ஷிப்டு, வார விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்து நாலைந்து பேர் தேவை. ஒரு பணியிடத்தை அனுமதித்துவிட்டு ‘ஆள் போட்டாயிற்று’ என்றால், இரவுக்கு யாரும் இல்லை என்றுதான் பொருள். இல்லாவிட்டால் வார்டில் இருக்கும் நர்ஸை இங்கே இழுக்கிறார்கள். இங்கே ஓட்டையை அடைத்தால் அங்கே திறக்கிறது. அந்த நர்ஸ்களிலும் பலர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக 2009இலேயே அங்கீகாரம் பெற்றுவிட்டது. படித்தவர்களை மாவட்டத்துக்குக் கொண்டுவரப் போதுமான பணியிடம்தான் இல்லை.

பணம் இல்லை என்பார்கள். அதற்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அவசர சிகிச்சை மறுக்கப்பட்டால் அது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. நிதி இல்லை என்று சொல்லி அரசு இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை ஐயா, உரிமையைக் கேட்கிறோம்.

இரவிலும் ஸ்கேன் டெக்னீஷியன், சிவப்புப் பகுதிக்கென்றே தனி நர்ஸ்கள், ஸ்ட்ரெச்சர் தள்ள ஒவ்வொரு ஷிப்டிலும் பணியாளர், ஒருவர் தையல் போடும்போது மற்ற நோயாளிகளைப் பார்க்க இரண்டாவது டாக்டர். இவ்வளவுதான் மனுவில் எழுதியிருக்கிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேசையில் படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு கலெக்டர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.